ஸ்ட்ரிங்குக்குள்ள // வந்தா கம்பைலர் ஏன் ஏமாறல?

கேள்வி: சி மொழி ஃபைல்ல இருக்குற கமெண்டையெல்லாம் (மனுஷங்க படிக்க எழுதுற குறிப்பு) தூக்க ஒரு ரெஜெக்ஸ் (எழுத்தைத் தேடுற பேட்டர்ன்) போட்டேன், // பார்த்தா வரி கடைசிவரைக்கும் அழிக்கணும்னு. ஸ்ட்ரிங்குக்குள்ள, அதாவது கொட்டேஷனுக்கு நடுவுல, இருந்த வெப் அட்ரஸெல்லாம் :// கிட்ட வெட்டுப்பட்டுப் போச்சு. கம்பைலருக்கு மட்டும் எப்படி தெரியுது?

பதில்: உங்க ரெஜெக்ஸ் நேரா // எங்கன்னு தேடிப் போகுது, கம்பைலர் அப்படி தேடுறதே இல்ல, முதல் எழுத்துல இருந்து ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே வருது. இந்த வேலைய பண்றது இலக்கணம் பார்க்குற பார்சர்கூட இல்லைங்க, அதுக்கு முன்னாடி எழுத்துகளை வார்த்தை வார்த்தையா பிரிக்குற லெக்ஸர். டபுள் கொட்டேஷன் பார்த்துச்சுன்னா ஸ்ட்ரிங்குக்குள்ள நுழைஞ்சாச்சுன்னு ஞாபகம் வச்சுக்கும், அது மூடுற வரைக்கும் // வந்தாலும், இன்னொரு வகை கமெண்டைத் திறக்குற /* வந்தாலும் (அது */ல மூடும்) வெறும் எழுத்துதான் (நடுவுல \" வந்தா மூடாது, அதையும் கவனிக்கணும்). கமெண்டுக்குள்ள போயிட்டா அங்க கொட்டேஷனுக்கு மரியாதை கிடையாது. அதனால "*/"ன்னு ஸ்ட்ரிங் இருக்குற ஒரு வரிய /* */ போட்டு மறைக்கப் பார்த்தீங்கன்னா, அந்த ஸ்ட்ரிங் நடுவுலயே கமெண்ட் முடிஞ்சு மிச்சமெல்லாம் எர்ரரா கொட்டும். யார் முதல்ல திறந்தாங்களோ அவங்க மூடுற வரைக்கும் அவங்க ராஜ்யம்.

சி-ல வேற வம்பும் இருக்கு. ஒரு எண்ணை பாயின்டர் காட்டுற மதிப்பால (அதை முன்னாடி * போட்டு எழுதுவோம்) வகுக்குறோம்னு வைங்க, ஸ்பேஸ் விடாம எழுதினா / பக்கத்துல * ஒட்டிக்கிட்டு கமெண்ட் திறந்துக்கும். அதைவிட மோசம், // கமெண்ட்ல ஒரு விண்டோஸ் பாத் எழுதி அது \ல முடிஞ்சா அடுத்த வரியும் கமெண்டா போயிடும், ஏன்னா \ல முடியுற வரிய அடுத்த வரியோட ஒட்டுறதுதான் முதல்ல நடக்கும், கமெண்டை எடுக்குறது அதுக்கப்புறம்தான். ஜிசிசி கம்பைலர்ல எல்லா வார்னிங்கும் போட்டு ஓட்டினா இதை சொல்லிடும்.

உங்க ஸ்கிரிப்டுக்கு வழி, ஸ்ட்ரிங், கேரக்டர், ரெண்டு வகை கமெண்ட் எல்லாத்தையும் | போட்டு ஒரே ரெஜெக்ஸா எழுதுங்க. மாட்டுனது ஸ்ட்ரிங்கா கேரக்டரா இருந்தா அப்படியே திருப்பிப் போடுங்க, கமெண்டா இருந்தா ஒரு ஸ்பேஸ். வெறுமனே அழிச்சுடாதீங்க, ரெண்டு பக்கமும் இருக்குற வார்த்தை ஒட்டிக்கும், சி ஸ்டாண்டர்டும் ஒரு ஸ்பேஸ்னுதான் சொல்லுது.

கேள்வி: பைத்தான்ல மூணு கொட்டேஷன் போட்டு எழுதுறது கமெண்ட்தானே?

பதில்: இல்லைங்க, அது ஸ்ட்ரிங். யாரும் அதை எடுத்துக்காததால பைத்தான் தூக்கிப் போட்டுடுது, அவ்ளோதான். சந்தேகமா இருந்தா \ போட்டு உடனே யூசர்ஸ்னு வர்ற விண்டோஸ் பாத் ஒண்ணை அதுக்குள்ள ஒட்டிப் பாருங்க, ஸ்ட்ரிங்கா படிக்குறதால அந்த \-ஐ தனிக் குறியீட்டோட ஆரம்பம்னு எடுத்துக்கிட்டு பைத்தான் 3-ல சின்டாக்ஸ் எர்ரர் வரும். அதையே # போட்டு எழுதுங்க, ஒண்ணும் ஆகாது.