கரிமூட்டத்தில் முன்பணக் கடன்

கேள்வி: சாயல்குடி அருகே கரிமூட்டம் போடும் (விறகை மூடி எரித்துக் கரியாக்கும்) ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. கணக்குத் தீரும்வரை ஊருக்குப் போகக் கூடாது என்கிறார் முதலாளி. பிள்ளைகளும் விறகு சுமக்கிறார்கள். வழி உண்டா?
– வாசகி, வாலிநோக்கம்

பதில்: உண்டு. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. பூட்டிவைத்தால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்கோ வெளியூருக்கோ போகவிடாமல் தடுத்தாலே போதும். இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான்.

பரமக்குடி கோட்ட வருவாய் அலுவலகத்திலோ ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்திலோ மனு கொடுங்கள். மூட்டம் இருக்கும் இடம், முன்பணம், வாங்கிய மாதம், மூட்டைக்கு என்ன கூலி, யார் எப்படித் தடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பிள்ளைகளுக்காக, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு இன்றே பேசுங்கள்.

சிக்கல் வருவது விசாரணையில்தான். ‘கூலித் தகராறு’ என்று அதிகாரிகள் சமரசம் பேசிக் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று காட்டும் விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் உடனடி நிவாரணமும் (30,000 ரூபாய் வரை) இல்லை. இன்னொன்று, முன்பணம் கணவர் பெயரில் இருப்பதால் அவரை மட்டும் பதிவு செய்வது. அதே புகையில் வேகும் மனைவி கணக்கிலேயே வரமாட்டார். இது பெரிய அநியாயம். மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும், முதலாளி பக்கத்தில் இல்லாமல், தனித்தனியே பதியச் சொல்லி, சான்றிதழையும் தனித்தனியே கேளுங்கள்.