"அவன் எங்க போட்டாலும் படிப்பான்" என்கிறீர்களே!

கேள்வி: எங்களுக்கு ஊர் தம்பிலுவில். மகளுக்கு இந்த முறை புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி. மட்டக்களப்பு நகரில் பெண்கள் பாடசாலை ஒன்றில் தரம் 6க்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்லடியில் வீடு வாடகைக்கு எடுத்து எல்லோருமாகப் போய்விடுவோம் என்கிறார் கணவர். அவருக்கு வேலை கல்முனையில். மகன் தரம் 10 முடிக்கப் போகிறான், அவனையும் அங்கேயே ஒரு பாடசாலையில் சேர்க்கலாம். அவன் எங்க போட்டாலும் படிப்பான். எங்களோடு இருக்கும் என் அம்மாவோ ஊரை விட்டு வரமாட்டேன் என்று நிற்கிறார். தங்கை ஆரையம்பதியில் இருக்கிறாள். இதற்கிடையில், கல்யாணம் முடித்து 17 வருடத்தில் முதல் தடவையாக நானும் அவரும் மட்டும் இரண்டு நாள் கண்டிக்குப் போய்வர யோசித்திருந்தோம். "புள்ளைகள்ட படிப்பு இப்பிடித் தொங்கிக் கிடக்கக்குள்ள ஒங்களுக்கு என்ன கண்டி?" என்று மச்சாள் கேட்டுவிட்டார். அதிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் மாற்றுவது சரியா? கண்டிக்குப் போவது பிழையா?
– ஒரு தாய், தம்பிலுவில்

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய புள்ளி, அவள் படிக்கும் மேசை, புதுச் சீருடைக்கு யாரிடம் தைக்கக் கொடுப்பது என்பது வரை எல்லாம் இருக்கிறது. மகனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "அவன் எங்க போட்டாலும் படிப்பான்." எனக்குக் கவலை தந்தது அந்த வரிதான். அதனால் முதலில் அவனைப் பற்றிப் பேசுவோம்.

ஜனவரியில் அவன் தரம் 11. ஓ.எல்., அதாவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்பு. ஒன்பது பாடங்களில் ஆறு எல்லோருக்கும் பொது, மற்ற மூன்றும் தொகுதிப் பாடங்கள். தரம் 10 தொடங்கும்போது தெரிவு செய்து, இரண்டு வருடமும் தொடர்ந்து படிக்க வேண்டியவை. உங்கள் மகன் எதை எடுத்தான் என்று நீங்கள் எழுதவில்லை. வணிகமும் கணக்கீடுமா, சித்திரமா, விவசாயமா? எதுவானாலும், புதுப் பாடசாலையில் அந்தப் பாடம் இருக்க வேண்டும், அதற்கு ஆசிரியர் இருக்க வேண்டும், அவனுடைய நேரசூசியில் அது பொருந்தவும் வேண்டும். பொருந்தாவிட்டால், ஒரு வருடம் படித்ததை விட்டுவிட்டு வேறொரு பாடத்தின் இரண்டு வருட வேலையை ஒரே வருடத்தில் படிக்க வேண்டிவரும். கெட்டிக்காரப் பிள்ளைக்குக்கூட அது வீண் சுமை.

இன்னொன்று. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியின்படி கிடைத்த இடம் மகளுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. அண்ணன் என்ற முறையில் மகனுக்கு நகரத்தில் இடம் வராது. இடைவகுப்பில் சேர்ப்பதென்றால் அந்த வகுப்பில் வெற்றிடம் வேண்டும். தேசிய பாடசாலை என்றால் விஷயம் மாகாணத்தோடு முடியாது, அது மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவது. எனவே "சேர்க்கலாம்" என்று வீட்டில் பேசிக்கொள்வதை நம்பி அவனுடைய விடுகைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புதிய அதிபர் எழுத்தில் தராதவரை பழைய பதிவேட்டில் அவன் பெயர் அப்படியே இருக்கட்டும்.

இவையெல்லாம் அதிபரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவனிடம் கேட்டால் மட்டும் தெரியக்கூடியது ஒன்று இருக்கிறது. இடம் மாறுவது பற்றி அவன் என்ன நினைக்கிறான்? உங்கள் கடிதத்தில் கணவர் பேசுகிறார், அம்மா பேசுகிறார், மச்சாள் பேசுகிறார். மகன் வாயே திறக்கவில்லை. முறைப்பாடு சொல்லாத பிள்ளைகளுக்குத்தான் "எங்க போட்டாலும் படிப்பான்" என்ற பெயரை நாம் வைத்துவிடுகிறோம். பின்னேரம் மைதானத்தில் அவனுக்காக நிற்கும் கூட்டாளிகள், அவன் கணக்கில் சறுக்கும் இடம் எதுவென்று தெரிந்த ஆசிரியர், அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு அவன் பிடிக்கும் பொறுப்பு, எல்லாம் அந்த ஊரில்தான் இருக்கின்றன. பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது அவற்றைப் பிடுங்கி எடுப்பதென்றால், அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? தகப்பன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, வேலிக்கரையிலோ கிணற்றடியிலோ வைத்து, "மகன், ஒனக்கு என்ன விருப்பம்?" என்று கேளுங்கள். "எதெண்டாலும் சரி" என்பான். அதை விடையாக எடுக்காமல் அடுத்த நாள் மறுபடி கேளுங்கள்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓ.எல். முடியும்வரை அவனை அசைக்காதீர்கள். ஓ.எல். முடிந்ததும் பிள்ளைகள் பாடசாலை மாறுவது இயல்பாகவே நடக்கிறது. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பினால், அந்தப் பிரிவு உள்ள பாடசாலையை (1ஏபி என்று வகைப்படுத்தியிருப்பார்கள்) தேடித்தானே ஆகவேண்டும். அப்போது அவன் தன் விருப்பத்தில், தன் பெறுபேற்றோடு மட்டக்களப்புக்கு வரட்டும்.

மகளின் விஷயத்தில் எனக்குத் தயக்கம் குறைவு. போகட்டும். நகரத்துப் பாடசாலைகளுக்குப் பெரும் பாரம்பரியம் உண்டு. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இலும், வின்சன்ட் மகளிர் பாடசாலை 1820இலும், புனித மிக்கேல் 1873இலும் தொடங்கியவை. நூலகம், ஆய்வுகூடம், சங்கீதம், விளையாட்டு என்று ஊரில் கிடைக்காத பல அங்கே கிடைக்கும். தரம் 6 பல பிள்ளைகள் புதிதாகச் சேரும் வகுப்பு, பழகுவதும் எளிது. ஆனால் தம்பிலுவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரம் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியே கொண்டுபோய் விடவும் எனக்கு மனம் வராது.

ஆகவே கல்லடி வீட்டை இப்போதைக்கு மறந்துவிட்டு, நீங்களும் மகளும் ஒரு வருடம் ஆரையம்பதியில் தங்கை வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். அங்கிருந்து நகரம் கிட்ட. நம் பக்கத்தில் சின்னம்மா வீடு பிள்ளைக்கு இன்னொரு தாய் வீடு, இதைப் பிறத்தியார் வீடாக யாரும் எண்ணமாட்டார்கள். தங்கையின் கணவரிடம் உங்கள் கணவரே நேரில் போய்க் கேட்கட்டும், சாப்பாட்டுச் செலவை மாதாமாதம் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். உறவு கெடாமல் இருக்க அது அவசியம்.

உங்கள் கணவருக்கு வேலை கல்முனையில் என்பது இதில் பெரிய வசதி. தம்பிலுவிலில் இருந்து போனாலும் கல்லடியில் இருந்து போனாலும் பயணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியிருக்க, அவர் மகனோடும் மாமியோடும் ஊரில் இருக்கலாம். இரவுச் சாப்பாடு, மகனின் ரியூசன், காலையில் அவனை எழுப்புவது, இதெல்லாம் அவர் கையில் வரட்டும். எல்லாவற்றையும் உங்கள் அம்மாவின் தலையில் போட்டுவிட வேண்டாம்.

அம்மாவின் பிடிவாதம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழ்கிற ஊர்கள் எங்களுடையவை. அந்த வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் முற்றம் ஒவ்வொரு நாளும் விடிகிறது அவருடைய தும்புத்தடிச் சத்தத்தில்தான். அதைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டு விறாந்தையில் வந்து உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? பேரன் கூட இருந்தால் அவர் தனித்தும் போகமாட்டார்.

சரி, மகளின் முதல் தவணை. இதை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஊரில் அவள் முதலாம் பிள்ளை. நகரத்தில் அவளுடைய வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் ஊரில் முதலாம் பிள்ளைகள். முதல் றிப்போட்டில் அவள் பதினெட்டாவதாகவோ இருபத்தைந்தாவதாகவோ வரக்கூடும். அந்தத் தாளை அவள் உங்களிடம் நீட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். ஊர் முழுக்கச் சொல்லிவைத்த பெருமைக்குக் கணக்குக் கேட்பதுபோல் பார்த்துவிடாதீர்கள். எந்தப் பாடத்தில் என்ன கஷ்டம் என்று மட்டும் கேளுங்கள். ஜனவரியிலேயே நாலு ரியூசனில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டாம். முதல் தவணை முழுக்கப் பாடசாலை மட்டும் போதும். எதில் உதவி தேவை என்று அதற்குப் பிறகு தெரியும்.

பிள்ளைகள் புதுப் பாடசாலையில் பயப்படுவது பாடத்துக்கு இல்லை. மலசலகூடம் எங்கே என்று தெரியாமல் மத்தியானம்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். இன்டவலில் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதனால், வகுப்பு தொடங்கும் முன் ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் போங்கள். எந்த இடத்தில் இறங்குவது, வாசலில் இருந்து வகுப்புக்கு எப்படிப் போவது, தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே, எல்லாவற்றையும் அவளே உங்களுக்குக் காட்டும் அளவுக்குப் பார்த்துவிட்டு வாருங்கள். பாடசாலை விட்டு வந்ததும் "பள்ளிக்கூடம் எப்பிடி?" என்று கேட்டால் "நல்லம்" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். "இண்டைக்கு இன்டவலில ஆரோட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஒரு மாதமாகியும் பெயர் எதுவும் வராவிட்டால் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் புறப்பட்டுவிடுங்கள். ஓ.எல். வகுப்பும் ரியூசனும் சனி ஞாயிறை விழுங்கப் பார்க்கும். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஐந்து பேரும் ஒன்றாக என்று வைத்து, அந்த நேரத்தில் வகுப்பு வைக்கும் ரியூசனை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது கண்டி. போங்கள், தங்கச்சி. ஜனவரிக்கு முன்பே போங்கள். நான் சொன்ன வழியில் போனால் வரும் வருடம் நீங்கள் இரண்டு பேரும் கிழமை நாட்களில் இரண்டு வீட்டில் இருக்கப் போகிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. போனில் "சாப்பிட்டீங்களா, மகன் படிச்சானா" என்பதற்கு மேல் பேச்சு நகராத நாட்கள் வரும். அதற்கு முன் இரண்டு நாள் யாருடைய அம்மாவாகவும் அப்பாவாகவும் இல்லாமல் இருப்பது உங்களுக்கும் அவருக்கும் மிகவும் தேவை. பிள்ளைகளின் படிப்பைத் தாங்கப் போவது உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள இணக்கம்தான். அதற்கு இரண்டு நாள் ஒதுக்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அக்கரைப்பற்று, அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போகிற வழி. மகனிடம் கேட்டு அறிந்ததை, தங்கை வீட்டு யோசனையை எல்லாம் பஸ்ஸிலேயே பேசிக்கொள்ளுங்கள், மகியங்கனை வரைக்கும் போதிய நேரம் இருக்கிறது. அசலக தாண்டி 18 வளைவு ஏறத் தொடங்கும்போது பள்ளிக்கூடப் பேச்சை நிறுத்திவிடுங்கள். திரும்பி வரும்வரை எடுக்க வேண்டாம். பேராதனைப் பூங்கா 147 ஏக்கர், அதைப் பார்க்க ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். மாலையில் வாவியைச் சுற்றி மெதுவாக நடக்கலாம். கடைசி அரசன் 1807இல் கட்டுவித்த வாவி அது. கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். குளிருக்கு ஒரு சுவெட்டர் வேண்டும். மாரி காலமாகையால் அந்த மலைப் பாதையில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று புறப்படும் அன்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு கிழமை தள்ளிப் போடலாம், விட்டுவிட வேண்டாம்.

மச்சாளோடு மனத்தாங்கல் வேண்டாம். அவரும் பிள்ளைகளை வளர்த்தவர், அவருக்கு இப்படி இரண்டு நாள் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். அந்த இரண்டு இரவும் வந்து பிள்ளைகளோடும் அம்மாவோடும் தங்க முடியுமா என்று அவரிடமே உதவி கேளுங்கள். அவருக்கு வசதிப்படாவிட்டால் ஆரையம்பதித் தங்கையைக் கூப்பிடுங்கள். டிசம்பர் விடுமுறையில் கண்டியில் அறைக்குத் தட்டுப்பாடு வரும், அதனால் இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள். மகனின் தொகுதிப் பாடங்கள் என்னென்ன என்பதையும், அவன் இரண்டாம் முறை என்ன சொன்னான் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.