வெயிலைப் பிள்ளைகளே அளக்கட்டும்

ரீச்சர், மெய்வல்லுநர் போட்டிப் பயிற்சியில் தரம் 7 பிள்ளைகள் தொப்பி போடச் சொன்னால் கேட்கிறார்களில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொல்வதை விட்டு அளக்க விடுங்கள். சோடியாக நின்று, ஒருவரின் உயரத்தைக் கயிற்றால் அளந்து அவருடைய நிழலின்மேல் வைத்துப் பார்க்கட்டும். நிழல் குட்டையென்றால் புற ஊதாக் கதிர் கடுமை. மாசியில் யாழ்ப்பாணத்தில் காலை 10 மணிக்கே நிழல் ஆளைவிடக் குறுகிவிடும். பின்னேரம் 3 மணி வரை அப்படித்தான். தன் கையால் அளந்த பிள்ளை மறக்காது.

பனை நிழலை நம்பவேண்டாம், ஓலைக்கிடையால் வெயில் விழும். வேம்பின் கீழ் இருத்துங்கள். தொப்பிக்குச் சுற்றிவர விளிம்பு வேண்டும், இல்லையென்றால் காதும் பிடரியும் கருகும். சன்ஸ்கிரீன் விலை கூட. வாங்கச் சொல்லி வீட்டாரை நெருக்காதீர்கள். அப்புறம், பயிற்சியை 9 மணிக்குள் முடிக்கலாமா என்று அதிபரிடமும் கேளுங்கள்.