தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கிங் புரோட்டியா பூச்செடி நட்டு ஓராண்டு ஆகிறது. எலும்புத் தூளும் கோழி எருவும் தாராளமாகப் போட்டோம். துளிர் மஞ்சளாக வெளிறுகிறது, பழைய இலைகளின் நுனி கருகுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் போட்டதை எடுங்கள். அந்த இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம். புரோட்டியாவுக்கு அது நஞ்சு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், சத்தே இல்லாத மண்ணில் வளரும் செடி இது. கிடைக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பரஸையும் உறிஞ்ச, மேல்மண்ணில் கொத்துக் கொத்தாகச் சல்லிவேர் விடும். போதும் என்று நிறுத்தத் தெரியாது. மிஞ்சியது இலையில் சேர்ந்து நுனியைக் கருக்குகிறது; இரும்புச்சத்தும் தடைபடுவதால் துளிர் வெளிறுகிறது.

எருவைக் கையாலேயே வழித்தெடுங்கள். மண்வெட்டி பட்டால் சல்லிவேர் போய்விடும். பிறகு சில முறை ஆழமாக நீர் விட்டால், பெர்த் மணலில் பாஸ்பரஸ் ஓரளவு கீழே இறங்கிவிடும். மண்ணின் அமில-கார அளவு (பிஎச்) 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். கடலோரச் சுண்ணாம்பு மணலாக இருந்தால் இரும்பு கீலேட் (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து) ஊற்றியும் பலன் நிலைக்காது. பெரிய தொட்டிதான் வழி. மரச்சில்லு மூடாக்கு 5 செ.மீ. போதும், தண்டைத் தொடக் கூடாது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஓரிரு முறை, காலையில், வேர் ஆழத்துக்கு நீர் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி திடீரென முழுதாக வாடினால் அது வேறு நோய்: ஃபைட்டோப்தோரா வேரழுகல். பெரும்பாலும் பிழைக்காது.

கேள்வி: லாச்செனாலியா இலை கோடையில் காய்ந்துவிட்டது. நீர் விடலாமா?

பதில்: கூடாது. இந்தக் கிழங்குச் செடி கோடையில் தூங்குகிறது. பெர்த் போன்ற தென்கோள ஊர் என்றால், கோடை முடிந்த மார்ச் கடைசியில் ஊற்றத் தொடங்குங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். தரையில் நட்ட செங்காந்தள் குளிர்காலத்தில் அழுகிவிட்டது. ஏன்?

பதில்: நம் ஊரில் அது மழையோடு முளைத்துப் பூக்கும். உங்கள் ஊரில் அது உறங்கும்போதுதான் மழை. அதனால் தொட்டியில் வையுங்கள். இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, தொட்டியோடு கூரைக்கடியில் காயவிடுங்கள். இரவுக் குளிர் போனபின், ஏப்ரல் கடைசியில், கிழங்கைப் படுக்கவைத்து 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். முளை நுனியில்தான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். இலைநுனி சுருண்டு பற்றி ஏறும் கொடி என்பதால் தடித்த மூங்கில் உதவாது, மெல்லிய கம்பி வேண்டும். கிழங்கில் கோல்சிசின் நஞ்சு உண்டு. சமையல் கிழங்கு என்று யாரும் எடுத்துவிடாதபடி தொட்டியில் பெயர் எழுதி வையுங்கள்.