மருத்துவப் படிப்பின் முதல் இரண்டு வருடங்கள்: கேள்வி பதில்

முதலாண்டு மாணவர்களுக்குப் பிசியாலஜி நடத்துகிறேன். அதற்கு முன் சில காலம், இறந்த உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் பாடம் எடுத்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். முதல் இரண்டு வருடங்களில் என்னென்ன பாடங்கள் இருக்கும், சார்?

முதலில் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. உடம்பின் அமைப்பு, அது இயங்கும் விதம், உள்ளே நடக்கும் வேதிவினைகள். திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், கரு வளரும் விதத்தைச் சொல்லும் கருவியலும் அனாட்டமியோடு சேர்ந்து வரும். அப்புறம் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி. அதாவது நோய்கள், கிருமிகள், மருந்துகள். எல்லா இடத்திலும் இதே வரிசை இருக்காது. சில கல்லூரிகளில் இதயம் என்றால் அதன் அமைப்பு, இயக்கம், நோய், மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் நடத்துவார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்னால் வைத்து அதிலிருந்து பாடத்துக்குப் போகும் முறையைக் கொண்டுவந்தது.

கேள்வி: இறந்த உடலைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சிலருக்குத் தலை சுற்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கண் இருட்டினால் நின்றுகொண்டு சமாளிக்கப் பார்க்காமல் உடனே உட்கார்ந்துவிடுங்கள். அந்த மயக்கத்தில் இதயத் துடிப்பு குறைகிறது, ரத்தக்குழாய்கள் விரிகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் போதாமல் போகிறது. சீக்கிரமே பிசியாலஜியில் இதையே பாடமாகப் படிப்பீர்கள்.

பயம் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். போகாதது, உடல் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மலினின் நெடி, கண்ணிலும் மூக்கிலும் ஏறும். இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேஜை மேல் எல்லாமே ஒரே பழுப்பு. ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, கையில் சிக்கியது நரம்பா குழாயா என்று விரலால் உருட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். குழாய் என்றால் நடுவில் துளை இருக்கும், நரம்பு கெட்டியாக இருக்கும். முதல் மாதம் பாதி இதிலேயே போய்விடும். பல கல்லூரிகளில், உடலைத் தானம் செய்தவருக்கு மரியாதை செலுத்திவிட்டே முதல் வகுப்பைத் தொடங்குகிறார்கள். அந்த ஹாலில் செல்ஃபி எடுப்பவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

கேள்வி: எனக்கு மனப்பாடமே வராது. 206 எலும்புகளையும் எப்படி நினைவில் வைப்பது?

எலும்புகள் பரவாயில்லை தம்பி, திணறடிப்பது நரம்புகள்தான். பெயர்ப் பட்டியலாகப் படித்தால் யாருக்கும் நிற்காது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டு, சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஷாக் அடித்திருக்கிறதா? அது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்புப் புடைப்புக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே அது அறுபட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தால், நோயாளியின் கட்டைவிரல் நுனி மடங்கும். வேலை செய்ய வேண்டிய தசைக்கு நரம்பு இல்லாததால், வேறொரு நரம்பை நம்பியிருக்கும் தசை உதவிக்கு வருகிறது. நரம்பு போகும் வழி, அதன் வேலை, சோதிக்கும் முறை மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டீர்கள், இனி மறக்காது.

இன்னொன்று. குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு நேரே அங்கே போகாமல் மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதனால்தான் மார்புக்குள் வளரும் கட்டி குரலைக் கம்மச் செய்யலாம். கருவில் இதயம் கீழே இறங்கும்போது நரம்பையும் கூடவே இழுத்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கியில் இதே நரம்பு மீட்டர் கணக்கில் சுற்றிப் போகிறது!

கேள்வி: கிரெப்ஸ் சுழற்சியை எந்த டாக்டர் பயன்படுத்துகிறார்? பயோகெமிஸ்ட்ரி தண்டம்தானே?

செல்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கும் அந்த வேதிவினைச் சுழற்சியை யாரும் வார்டில் ஒப்பிப்பதில்லை. தேர்வில் ஒவ்வொரு நொதியின் பெயரையும் கேட்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஒருவர் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வருகிறார் என்று வையுங்கள். முதல் நாள் நன்றாகவே இருப்பதுபோலத் தெரியலாம். உள்ளே கல்லீரல் அந்த மருந்தில் ஒரு பகுதியை நச்சாக மாற்றிக்கொண்டிருக்கும். அதை முறியடிக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டைன், தீர்ந்துபோன குளூட்டாதயோனை மறுபடி உருவாக்க உதவுகிறது. இது முழுக்க பயோகெமிஸ்ட்ரி. இது தெரிந்தவர் "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

கேள்வி: எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு படிக்க வேண்டும்?

மருந்தின் அளவைப் போனில் பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்று ஒருவர் சொல்லும்போது, இடது இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்குகிறதோ என்று உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால்தானே தேடுவீர்கள்?

கேள்வி: என் மகள் முதல் இன்டர்னல் தேர்வில் ஃபெயில். படிப்பையே விட்டுவிடலாமா என்கிறாள்.

அம்மா, பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. அவள் படிக்கும் முறையை மட்டும் கேட்டுப் பாருங்கள். கலர் பேனாவால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் படம் வரைய வேண்டும், தோழியிடம் வாய்விட்டு விளக்க வேண்டும், சில நாள் கழித்து மறுபடி தன்னையே சோதித்துப் பார்க்க வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் இதுதான் பயிற்சி. மார்க்கைப் பற்றித் தினமும் விசாரிக்காதீர்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டால், கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நோயாளிகளை எப்போது பார்ப்போம்?

இப்போது பல இடங்களில் முதல் வருடமே. அதுவரை பக்கத்து பெஞ்ச் நண்பர்தான் நோயாளி. ரத்த அழுத்தம் பார்க்கப் பழகும்போது கையில் சுற்றும் காஃப் பட்டையிலிருந்து காற்றை மெதுவாக இறக்குங்கள், முதல் தட்டல் கேட்கும் அளவே மேல் எண். ஸ்டெத்தின் காதுமுனைகள் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பெரிய கைக்குச் சின்ன காஃப் கட்டினால் உயர் ரத்த அழுத்தம் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும்.

கேள்வி: சேருவதற்கு முன்பே என்ன புத்தகம் வாங்கிப் படிக்கலாம்?

படிக்க ஒன்றும் வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு அனாட்டமி அட்லஸ், சீனியரிடம் பழையதே போதும். பார்மகாலஜி புத்தகம் மட்டும் புதிய பதிப்பாக வாங்குங்கள், அதையும் அந்த வருடம் வந்தபிறகு.