கூரையில் ஆன்டெனா, பூச்செடி ஓரத்தில் எர்த் கம்பி

கேள்வி: வணக்கம் ஐயா. சிராங்கூன் கார்டன்ஸில் பழைய தரை வீடு எங்களுடையது. மலேசியாவின் ஜொகூர்ப் பக்கத்து ஒளிவழிகளைப் பார்ப்பதற்காக மாமனார் அந்தக் காலத்தில் கூரைமேல் உயரமாக இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா போட்டார். இப்போது வசந்தம் ஒளிவழியைப் பார்ப்பதும் அதில்தான். போன மாதம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து டிவி போய்விட்டது. பார்க்க வந்தவர், குழாயிலிருந்து ஒரு ஒயரைக் கீழே இறக்கிப் பூச்செடி ஓரத்தில் செம்புக் கம்பி ஒன்றை அடித்து அதில் மாட்டிவிட்டு, "இனிமேல் இடி விழுந்தாலும் கவலையில்லை" என்று சொல்லிப் போனார். என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்துவிட்டு அது தப்பு என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி அம்மா. வந்தவர் பாதி வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார், இந்த விஷயத்தில் பாதி வேலை சும்மா இருப்பதைவிட மோசம்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டு மின்சாரத்துக்கு ஏற்கெனவே ஒரு எர்த் இருக்கிறது, டிபி பெட்டியிலிருந்து (வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) மண்ணுக்குப் போகிறது. இப்போது பூச்செடி ஓரத்தில் இரண்டாவதாக ஒன்று வந்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மின்னலில் 30,000 ஆம்பியர் பாய்வதெல்லாம் சாதாரணம். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே வெறும் 10 ஓம் தடை இருந்தால்கூட, பெருக்கிப் பாருங்கள், 300,000 வோல்ட். அதாவது அந்த ஒரு நொடித் துளியில் ஆன்டெனா பக்கம் மூன்று நூறாயிரம் வோல்ட்டில் நிற்கும், வீட்டு எர்த் பக்கம் அப்படி ஏறியிருக்காது. இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் உங்கள் டிவி, ஏனென்றால் அதன் ஒரு பக்கம் ஆன்டெனா கேபிள், மறுபக்கம் பிளக். நடுவில் மாட்டிக்கொண்டது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஆன்டெனாக் குழாயின் எர்த், வீட்டின் பிரதான எர்த் முனையோடு சேர வேண்டும். பூச்செடிக் கம்பியைப் பிடுங்கிப் போட வேண்டாம், அது இருக்கட்டும், ஆனால் தடிமனான செம்பு ஒயரால் வீட்டு எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும். அமெரிக்க விதியிலும் தனியாக அடித்த கம்பியை 6 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பால் வீட்டு எர்த்தோடு கட்டச் சொல்கிறார்கள். குழாயிலிருந்து இறக்க யூடியூப்பில் காட்டுகிற 10 கேஜ் ஒயரும் அந்த ஊர்க் கணக்கு, சுமார் 5 சதுர மில்லிமீட்டர் வரும். ஐஇசி என்ற அனைத்துலக மின்தொழில்நுட்ப அமைப்பின் தரத்தில் ஆன்டெனாக் குழாய்க்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேட்கிறார்கள், நானும் அதையே சொல்வேன்.

ஒயர் தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. மின்னல் மிக வேகமாக ஏறி இறங்குகிற கரண்டு, அதற்கு ஒரு மீட்டர் ஒயரே பெரிய தடை. 10 மீட்டர் ஒயரில் ஒரு மைக்ரோ நொடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறினால், அந்த ஒயரின் இரு முனைகளுக்கு நடுவிலேயே நூறாயிரம் வோல்ட் எழும். ஆகவே குட்டையாக, நேராக இறக்குங்கள், மிச்ச ஒயரைச் சுருட்டி ஓரத்தில் கட்டி வைக்கிற நம்மூர்ப் பழக்கம் இங்கே ஆகாது. கிளாம்ப் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். முலாம் பூசிய இரும்புக் குழாயில் செம்பை நேராக வைத்து இறுக்கினால் நம் ஈரக் காற்றுக்குச் சீக்கிரமே அரித்துவிடும், இரண்டு உலோகத்துக்கும் ஏற்ற கிளாம்ப் வாங்குங்கள். தண்ணீர்க் குழாயில் கட்டாதீர்கள், எங்காவது ஒரு துண்டை பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். கேஸ் குழாய்ப் பக்கம் போகவே வேண்டாம்.

குழாயைப் போலவே கேபிளும் முக்கியம். அதன் வெளிப் பின்னலை வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் எர்த் செய்ய வேண்டும், திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற சர்ஜ் அரஸ்டர் போடுவதும் அங்கேதான்.

"இடி விழுந்தாலும் கவலையில்லை" என்றாரே, அது பேச்சுக்குச் சொன்னது. இது இடிதாங்கி அல்ல. நேராகக் குழாயில் விழுந்தால் டிவியை எந்த எர்த்தும் காப்பாற்றாது, வீடு தீப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவே. உங்களுக்கு நடந்ததுபோல் பக்கத்தில் விழுந்து கேபிளில் தூண்டப்படுகிற மின்னழுத்தத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் நம் சிங்கப்பூர், அதுவே பெரிய விஷயம்.

இந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஊழியரிடம் கொடுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம் என் சொந்தக் கருத்து ஒன்று. அந்த உயரமான குழாய் இப்போது எதற்கு? 2019 தொடக்கத்தோடு இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றது, அதே ஆண்டு மலேசியாவிலும் நின்றது. மாமனார் ஆன்டெனாவில் நீள நீளமாகக் கைகள் இருக்குமே, அவை குறைந்த அலைவரிசையில் வந்த பழைய விஎச்எஃப் ஒளிவழிகளுக்கு, இன்றைய சிங்கப்பூர் ஒளிவழிகளுக்கு வேண்டாதவை. இன்றைய ஒளிவழிகள் வருகிற உயர் அலைவரிசைக்கான சின்ன யுஎச்எஃப் ஆன்டெனா ஒன்றைக் கூரை விளிம்புக்கு 2 மீட்டருக்கும் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் மாட்டினால், மின்னலுக்கான அந்தத் தடிமன் எர்த்தே தேவையில்லை என்று அதே ஐஇசி தரம் விலக்குத் தருகிறது. மாமனார் வருத்தப்படுவார் என்றால் அது உங்கள் குடும்ப விவகாரம், நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: டிவிக்குப் பின்னால் ஆன்டெனா கேபிளைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது. ஆபத்தா அண்ணே?
- வாசகர், ஈசூன்

பதில்: லேசான சுருக் என்றால் பெரும்பாலும் பயமில்லை தம்பி. எர்த் இல்லாமல் இரட்டை இன்சுலேஷனோடு வருகிற டிவியில், இரைச்சல் வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாகத் துளிக் கரண்டு உலோகப் பகுதிக்குக் கசியும். டிவி, செட்-டாப் பெட்டி, ஸ்பீக்கர் என்று ஒன்றோடொன்று கோக்கக் கோக்க அதுவும் கூடும். கேபிள் பின்னலை எர்த் செய்தால் போய்விடும். ஆனால் கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு அடித்தால் அது வேறு கதை, பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடு. ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழவில்லையே என்று சமாதானம் ஆகாதே, அது 30 மில்லி ஆம்பியருக்குத்தான் விழும், அதற்குக் கீழேயே வலிக்கும்.

கேள்வி: வீவக அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் வைக்கும் குட்டி ஆன்டெனாவுக்கு எர்த் வேண்டுமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். சிக்னல் கிடைக்கவில்லை என்று துணி காயப்போடும் கழியில் கட்டி வெளியே மட்டும் நீட்டாதீர்கள். மின்னலை விடுங்கள், கீழே நடந்து போகிறவர் தலையில் விழும். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்ற ஓடவும் வேண்டாம், வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.