பாட்டிலில் ‘ஓல்ட் வைன்’ என்று போட்டிருக்கிறது, ஆனால் ஆண்டு 2022 என்கிறது. இது எப்படிப் பழைய ஒயின்? குடிக்க எப்படி இருக்கும்?

அது பழைய ஒயின் இல்லை, பழைய கொடி. திராட்சைக் கொடிக்கும் ஆங்கிலத்தில் வைன்தான். நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு. அங்கே லாங்மைல் தோட்டத்தில் 1843இல் நட்ட ஷிராஸ் என்ற கருந்திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பக்கத்து மாநிலமான விக்டோரியா வரை வந்தும் எங்கள் தென் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. அதனால் இந்தக் கொடிகள், பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுப் போடாமல், சொந்த வேரிலேயே நிற்கின்றன. 35 வயதைத் தாண்டினால்தான் பரோசாக்காரர்கள் ‘ஓல்ட்’ என்கிறார்கள். 125 தாண்டினால் ‘ஆன்செஸ்டர்’, அதாவது மூதாதை.

நூறு வயதுக் கொடியில் பறித்து, பீப்பாயை விட்டு வந்து சில மாதங்களே ஆன ஒரு ஷிராஸை அங்கே குடித்துப் பார்த்தேன். கிளாஸில் கத்தரிப்பூ நிற விளிம்போடு கருத்துக் கிடந்தது. முதல் மிடறில் எனக்குப் பிடிக்கவில்லை. துவர்ப்பு என்றால் அப்படியொரு துவர்ப்பு, அரைப்பழமான நாவலைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. டானின், டானின் என்கிறார்களே, அதுதான் இது. அறுசுவையில் துவர்ப்பைச் சேர்த்து வைத்திருக்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொடிக்கு எத்தனை வயதானாலும் ஒயின் இளசு என்றால் இந்த முரட்டுத்தனம் இருக்கத்தான் செய்யும்.

வித்தியாசம் விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. சாதாரண இளம் ஷிராஸில் பழச்சுவை முன்நாக்கில் பளிச்சென்று வந்து போய்விடும். இது நடுநாக்கில் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் போகவே இல்லை. கிழக்கொடிகள் குறைவாகவே காய்க்கும், அதனால் பழத்தில் சாரம் கூடும் என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. 1980களில் ஒயின் விலை விழுந்தபோது, கொடிகளைப் பிடுங்க அரசே பணம் கொடுத்தது. அத்தனைக்கும் தப்பி ஒரு தோட்டம் நிற்கிறதென்றால், அது நல்ல மண்ணாகவும் இருந்திருக்கும், உரிமையாளர் பிடிவாதக்காரராகவும் இருந்திருப்பார்.

உங்கள் 2022ஐத் திறந்தவுடன் குடிக்காதீர்கள். ஜக்கில் ஊற்றி இரண்டு மணி நேரம் விடுங்கள். கூடவே கொழுப்புள்ள ஆட்டுக்கறி இருந்தால் துவர்ப்பு பாதியாக அடங்கும். நான் வாங்கி வந்த பாட்டிலில் பாதியை மூடி வைத்து மறுநாள் மட்டன் சுக்காவோடு குடித்தேன், முந்தைய நாளைவிட நன்றாக இருந்தது. அப்போதுதான் லேசாக மிளகு வாசனையும் எழுந்தது. கற்பனை இல்லை; மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் ஷிராஸிலும் உண்டு என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியவில்லையாம். என் மனைவி அந்த ரகம். “மிளகா? சுக்காவில்தான் அள்ளிப் போட்டிருக்கேனே” என்றாள்.